நின்ற இதயத்தின் பக்கத்தில்

சாய்ரா செய்யும் வேலைக்குத் தமிழில் வழக்கமான பெயர் எதுவும் இல்லை. பெர்ஃபியூஷனிஸ்ட் என்பார்கள். இதய அறுவை நடக்கும்போது இதயத்தை நிறுத்தி வைத்துவிட்டு, அதன் வேலையையும் நுரையீரலின் வேலையையும் ஒரு இயந்திரத்திடம் ஒப்படைப்பார்கள். ஹார்ட்-லங் மெஷின் என்ற அந்த இயந்திரத்தை இயக்குபவள் அவள். அறுவை அரங்கில் எல்லோரும் அதைப் பம்ப் என்றுதான் சொல்வார்கள். கடலூர் பழைய டவுனில் இருக்கும் அவளுடைய மாமியார் ரஹ்மத் பீவி, யாராவது கேட்டால், "எங்க மருமவ ஆஸ்பத்திரில மோட்டாரு போடுது" என்பாள். அதில் பெரிய தவறும் இல்லை.

சிதம்பரத்துக்கு வெளியே ஒரு அறக்கட்டளை நடத்தும் இதய மருத்துவமனையில் ஆறு வருடமாக வேலை. லால்கான் தெருவில் ஒரு மாடிப் போர்ஷனில் தனியாக இருந்தாள். கணவன் முஹம்மது ஆசிக் தம்மாமில் ஏ.சி. கம்பெனியில் சூப்பர்வைசர், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவில் வருவான். குழந்தை இல்லை. மாதத்தில் இரண்டு ஞாயிறு கடலூருக்குப் பஸ் ஏறி மாமியாரைப் பார்த்துவிட்டுச் சாயங்காலமே திரும்பிவிடுவாள். மற்ற நாள்களில் அவள் பேசுவதெல்லாம் அரங்கில் மருத்துவர் கேட்பதற்குச் சொல்லும் பதில்கள்தான். "ஃப்ளோ எவ்ளோ?" "மூணு லிட்டர் சார்." "பிரஷர்?" "அறுபது சார்."

செல்லாயியின் அறுவை மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தது. செல்லாயிக்கு நாற்பத்தாறு வயது, கீரப்பாளையத்துக்காரி, நடவு வேலைக்குப் போகிறவள். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதய வால்வைச் சுருக்கிவிட்டிருந்தது. முப்பத்தாறு கிலோ எடை. திறந்து பார்த்தபோது எதிர்பார்த்ததைவிட மோசமாக இருந்ததால் நேரம் இழுத்தது. அவள் இதயம் ஒரு மணி ஐம்பது நிமிடம் நின்றிருந்தது. புது வால்வு நன்றாகப் பொருந்தியது. இதயம் மறுபடி தானாகவே துடிக்கத் தொடங்கியபோது, அறுவை மருத்துவர் இளவரசு "நல்ல வேலை" என்று பொதுவாக எல்லோரையும் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் ஐ.சி.யூ. நர்ஸ் ஆரோக்கியம்மாள் வராந்தாவில் சாய்ராவைப் பார்த்ததும் நின்றாள்.

"நேத்திய கேஸுக்கு யூரின் எறங்கல சாய்ரா. ராவெல்லாம் இருவது மில்லி. அதுவும் டீ டிகாஷன் மாதிரி."

மூன்றாம் நாள் செல்லாயியை டயாலிசிஸுக்கு எடுத்தார்கள். சிறுநீரகம் இரண்டும் வேலைநிறுத்தம் செய்துவிட்டன. சாய்ரா மருத்துவர் இளவரசுவிடம் கேட்டாள்.

"வத்தலா இருந்தாங்க, ரொம்ப லேட்டா வந்தாங்க, ரெண்டு மணி நேரம் பம்ப்ல இருந்தாங்க. கிட்னி அடி வாங்குறது நடக்கறதுதாம்மா" என்றார் அவர். "நெறையப் பேருக்குத் திரும்பிடும். பாப்போம்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனாலும் சாய்ரா அன்று மதியம் பதிவறைக்குப் போய்ச் செல்லாயியின் பம்ப் ஷீட்டை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அது அவளே எழுதியது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓட்டத்தின் அளவு, அழுத்தம், வெப்பம் எல்லாம் வரிசையாக இருந்தன. எதிலும் குறை சொல்ல முடியாது.

இயந்திரத்தை நோயாளியுடன் இணைக்குமுன் அதன் குழாய்களில் காற்றே இல்லாமல் சலைன் நிரப்ப வேண்டும். அவர்கள் இயந்திரத்துக்கு ஒன்றரை லிட்டர் பிடிக்கும். எண்பது கிலோ ஆளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. செல்லாயியின் உடம்பில் இருந்த மொத்த ரத்தமே இரண்டரை லிட்டரைத் தொடாது. அதில் ஒன்றரை லிட்டர் உப்புத் தண்ணீர் கலந்ததும் ரத்தம் நீர்த்துப் போனது. ஹீமோகுளோபின் பத்திலிருந்து ஆறரைக்கு இறங்கியது. ஆறுக்குக் கீழே போனால்தான் ரத்தம் ஏற்றுவது அங்கே நடைமுறை. ஆகவே ஏற்றவில்லை. உயரத்துக்கும் எடைக்கும் அட்டவணை சொன்ன ஓட்டத்தை அவள் துளி பிசகாமல் கொடுத்திருந்தாள். ஓடியது சரியான அளவு. ஓடியதில் ஆக்சிஜன்தான் போதவில்லை.

இது அவளுக்குத் தெரியாத விஷயமும் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் சென்னையில் ஒரு கருத்தரங்கில் ஒருவர் இதைத்தான் பேசினார். பம்பில் இருக்கும்போது உடம்புக்குப் போய்ச் சேரும் ஆக்சிஜனைக் கணக்கிட்டுப் பாருங்கள். உடம்பின் அளவுக்கு ஏற்ப, நிமிடத்துக்கு இருநூற்று எண்பது மில்லிக்குக் கீழே வெகுநேரம் இருந்தால் முதலில் அடிபடுவது சிறுநீரகம் என்றார். சாய்ரா அதை நோட்டில் எழுதி இரண்டு முறை கோடும் போட்டிருந்தாள். சிதம்பரம் திரும்பியதும் அடுத்தடுத்த கேஸ்களில் அது மறந்துபோனது.

இப்போது செல்போனில் கணக்குப் போட்டாள். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் அந்த எண் இருநூற்று முப்பதைத் தாண்டவே இல்லை. எந்த அலாரமும் அடிக்கவில்லை. சிறுநீரகம் மூச்சுத் திணறினால் திரையில் தெரியாது. ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டியிருக்கலாம். ஒரு யூனிட் ரத்தம் கேட்டிருக்கலாம். இரண்டுமே அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன.

அந்த ஷீட்டை யாரும் அவளிடம் கேட்கவில்லை. கேட்கப் போவதுமில்லை. மறுபடி கட்டி, பதிவறையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து ஆசிக் போன் செய்தான்.

"மச்சான், ஒரு கேஸ்ல எனக்கு மனசே சரியில்ல" என்றாள்.

"ஏன், டாக்டர் ஏதாச்சும் சொன்னாரா?"

"இல்ல."

"பேஷண்ட் வூட்டுக்காரங்க பிரச்சன பண்றாங்களா?"

"அதுவும் இல்ல. நானே கணக்குப் போட்டுப் பாத்தன். நான் செஞ்சது போதல."

"யாரும் ஒண்ணும் சொல்லலங்கற. அப்புறம் நீயே ஏன் போட்டு ஒழப்பிக்கிற? அல்லா காப்பாத்துவான். வுடு." பிறகு தனக்கு ரம்ஜான் லீவு கிடைக்காமல் போனதையும், அறையில் புதிதாக வந்த ஆள் குறட்டை விடுவதையும் சொன்னான். அவன் குரலில் சலிப்பு ஜாஸ்தியாக இருந்தது. சாய்ராதான் அவனைத் தேற்ற வேண்டியிருந்தது. போனை வைத்துவிட்டு, அடுப்பருகிலேயே நின்றபடி ஆறின சோற்றைத் தின்றாள்.

திங்கட்கிழமை அவள் டயாலிசிஸ் அறைக்குப் போனாள். ஆறு வருடத்தில் அவள் நோயாளியை விழித்த நிலையில் பார்த்ததே அபூர்வம். அவள் அரங்கில் குழாய்களைச் சரிபார்த்து முடிப்பதற்குள் அவர்கள் மயங்கி, பச்சைத் துணிக்கு அடியில் போயிருப்பார்கள். அவர்களின் ரத்தம் எப்படி இருக்கும், எவ்வளவு நேரத்தில் உறையும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். குரல் தெரியாது.

செல்லாயி கட்டிலில் ஒரு போர்வை மடிப்பு போலக் கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை.

"வாம்மா. ரத்தம் எடுக்கவா?"

"இல்லக்கா. சும்மா பாக்க வந்தன்."

"சும்மாவா?" செல்லாயி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீ எந்த டிபார்ட்மெண்டு?"

சாய்ரா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். "ஒங்களுக்கு ஆபரேஷன் பண்ணும்போது இதயத்த நிறுத்தி வெச்சிருந்தாங்க. அப்ப ஒரு மெஷின் ரத்தத்த ஓட்டும். அத நான்தான் ஓட்டுனன்."

செல்லாயி தன் மார்புக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள். "நின்னுட்டிருந்துச்சா? நெசமாவா?"

"ஆமா."

"எவ்ளோ நேரம்?"

"ஒரு மணி அம்பது நிமிஷம்."

"அடி ஆத்தா" என்றாள் செல்லாயி. பயம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. "அம்மாம் நேரமும் நீ எம் பக்கத்துலயா இருந்த? எங்கியும் போவலயா?"

"போவ முடியாதுக்கா. கண்ண எடுக்கக் கூடாது."

"நா ஏதாச்சும் ஒளறுனனா?"

"பேச முடியாது. தூங்கிட்டிருந்தீங்க."

செல்லாயி சிரித்தாள். வெடித்த உதட்டில் சிரிப்பு வலித்ததால் பாதியில் நிறுத்தினாள். அவளுடைய மகள் எழிலரசி பெங்களூரில் கார்மெண்ட்ஸில் வேலை செய்கிறாள். அறுவைக்கு மறுநாள்தான் வர முடிந்தது, நான்கு நாள் இருந்தாள். லீவு முடிந்ததால் அழுதுகொண்டே போனாள். நாத்தனார் தைலம்மாள் காலையில் வந்து கஞ்சி கொடுத்துவிட்டு ஒன்பது மணிப் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவாள். அறுவையன்று வெளியே யார் காத்திருந்தார்கள் என்றுகூடச் செல்லாயிக்குத் தெரியவில்லை.

"உள்ள தனியா படுக்கப் போறமேன்னுதான் பயந்தன்" என்றாள். "பரவால்ல, நீ இருந்திருக்க."

சாய்ரா சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. எழுந்தபோது செல்லாயி, "கொஞ்சம் தண்ணி குடேன். அளந்து அளந்து குடுக்கறாங்க" என்றாள். சிறுநீர் இறங்காதவர்களுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான். சாய்ரா நர்ஸிடம் கேட்டு, பஞ்சை நனைத்து அவள் உதட்டில் ஒற்றினாள். செல்லாயி அந்தப் பஞ்சை உறிஞ்சினாள்.

அடுத்த ஒன்றரை வாரத்தில் சாய்ரா ஐந்து முறை போனாள். வேலை முடிந்ததும் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பியது. செல்லாயி அவளை எதிர்பார்க்கத் தொடங்கியிருந்தாள். வார்டில் எல்லோரிடமும், "இந்தப் பொண்ணுதான் என் இதயத்த கையில வெச்சிருந்தது" என்று சொல்லிவைத்திருந்தாள். சாய்ராவும் அவளிடம் பேசினாள். மாமியாரின் முட்டிவலி, மாடியில் குரங்குத் தொல்லை, ஆசிக் அனுப்பும் படங்களில் அவன் இளைத்துக்கொண்டே போவது எல்லாம் பேசினாள். இவ்வளவு பேச்சு தன்னிடம் இருந்ததா என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. அப்படிப் பேசிவிட்டுத் திரும்பும் ஒவ்வொரு முறையும் அந்த இருநூற்று முப்பது கூடவே வந்தது. திருடிய பொருளை அனுபவிப்பது போல இருந்தது.

அதற்கடுத்த முறை போனபோது சொல்லிவிட்டாள்.

"அக்கா, ஒங்களுக்குக் கிட்னி இப்படி ஆனதுல எம் பங்கும் இருக்கு." எளிமையாகச் சொல்லப் பார்த்தாள். ரத்தம் தண்ணியாகிப் போனதை, தான் கவனித்திருக்க வேண்டியதை, இன்னும் கொஞ்சம் வேகமாக ஓட்டியிருந்தால் ஒருவேளை இப்படி ஆகாமல் இருந்திருக்கலாம் என்பதைச் சொன்னாள். "நிச்சயமா அதனாலதான்னு சொல்ல முடியாது. ஆனா நான் பாத்திருக்கணும். பாக்கல."

செல்லாயி முதலில் புரியாதது போலப் பார்த்தாள். பிறகு புரிந்தது. டயாலிசிஸ் இயந்திரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"இத ஏன் எங்கிட்ட சொன்ன?"

"சொல்லாம இருக்க முடியல."

"ஒனக்கு முடியலன்னா?" செல்லாயியின் குரல் உயரவில்லை. "ஒருத்தி முழிச்சிருந்து பாத்துக்கிட்டான்னு நெனச்சிக்கிட்டுக் கெடந்தன். அத ஒண்ணத்தான் நெனச்சிக்கிட்டு இந்த ஊசியெல்லாம் குத்திக்கிட்டன். இப்ப அதுவும் இல்லாம பண்ணிட்ட."

"அக்கா..."

"போம்மா. இனிமே வராத."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சாய்ரா வெளியே வந்து, மாடிப்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். ஏறி இறங்குகிறவர்கள் ஒதுங்கிப் போனார்கள். சொன்னது சரிதானா, தன் பாரத்தை இறக்கி ஒரு நோயாளியின் மேல் வைத்துவிட்டோமா என்று அவளுக்கு விளங்கவில்லை. பின்னாளிலும் விளங்கவில்லை.

அதன் பிறகு அவள் டயாலிசிஸ் அறைக்குப் போகவில்லை. ஆரோக்கியம்மாளிடம் மட்டும் விசாரித்துக்கொள்வாள். நான்காவது வாரம் ஒருநாள் ஆரோக்கியம்மாள் கேண்டீனில் வந்து, "ஒன் செல்லாயிக்கு இன்னிக்கு நானூறு மில்லி எறங்கிருக்கு" என்றாள். இரண்டு நாளில் எண்ணூறு ஆனது. டயாலிசிஸை நிறுத்தினார்கள். முழுசாகத் திரும்பவில்லை, ஆனால் இயந்திரம் இல்லாமல் வாழும் அளவுக்குத் திரும்பிவிட்டது. தைலம்மாள் வந்து அவளை ஆட்டோவில் கூட்டிப் போனாள். அன்று சாய்ரா அரங்கில் இருந்தாள்.

ஷீட்டுகளை அவள் மறுபடி எடுத்தது அதற்குப் பிறகுதான். இரண்டு வருடத்துக் கேஸ்களில் நாற்பத்தைந்து கிலோவுக்குக் குறைந்தவர்களை மட்டும் பிரித்தாள். ஒவ்வொன்றுக்கும் ஆக்சிஜன் கணக்குப் போட்டு, பக்கத்தில் அறுவைக்குப் பிந்தைய ரத்தப் பரிசோதனையை எழுதினாள். எண் தாழ்ந்த இடங்களிலேயே பெரும்பாலும், சிறுநீரகம் தளர்ந்தால் கூடும் கிரியாட்டினின் ஏறியிருந்தது. அநேகமாக எல்லோரும் பெண்கள்.

மருத்துவர் இளவரசு இரண்டு பக்கத்தையும் கண்ணாடி போட்டுப் படித்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாம புரோட்டோகால் படிதானே போனோம்?"

"ஆமா சார். புரோட்டோகால்ல இது இல்ல."

"என்ன பண்ணலாங்கற?"

"மெஷின டேபிளுக்குக் கிட்ட கொண்டாந்தா கொழாய் நீளம் பாதியாயிடும். அந்தளவு சலைன் கொறையும். பம்ப் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி பேஷண்டோட சொந்த ரத்தத்த வுட்டே கொஞ்சம் சலைன வெளிய தள்ளிடலாம். அப்புறம் பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா இந்தக் கணக்க நான் சொல்றன்."

"கிட்ட கொண்டாந்தா நான் எங்கம்மா நிக்கறது?"

அடுத்த சனிக்கிழமை மதியம், அறுவை எதுவும் இல்லாத அரங்கில், சாய்ரா தனியாக அந்த இயந்திரத்தை நகர்த்தினாள். மருத்துவர்கள் முப்பது வருடமாக நின்று பழகிய இடங்களைத் தரையில் பிளாஸ்திரி ஒட்டிக் குறித்தாள். ஆக்சிஜன் கலக்கும் பகுதியை உயர்த்தி வைத்தாள். குழாய்களை அளந்து வெட்டி, சலைன் நிரப்பி, காற்றுக் குமிழி நிற்கிறதா என்று சுண்டிச் சுண்டிப் பார்த்தாள். நான்கு முறை பிரித்துக் கட்டினாள். கடைசியில் ஒன்றரை லிட்டர் பிடித்தது எண்ணூற்று ஐம்பதில் நின்றது. திங்கட்கிழமை மருத்துவர் வந்து பிளாஸ்திரிக் குறிக்குள் நின்று முழங்கையை ஆட்டிப் பார்த்தார். "இடுக்கமாத்தான் இருக்கு" என்றார். "சரி. போட்டுப் பாப்போம்."

முதல் கேஸ் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வந்த மங்கலம் என்ற பெண், நாற்பது கிலோ. முந்திய நாள் மாலை சாய்ரா வார்டுக்குப் போய்த் தன் பெயரைச் சொன்னாள். நாளைக்கு உள்ளே தான் இருப்பதைச் சொன்னாள். அதற்கு மேல் எதற்கும் உறுதி சொல்லவில்லை.

மறுநாள், மங்கலத்தின் ரத்தம் மெல்ல மெல்லக் குழாயில் ஏறி முன்னால் இருந்த சலைனைத் தள்ளத் தொடங்கியதும் அழுத்தம் இறங்கியது. மயக்க மருத்துவர் நிமிர்ந்து பார்த்தார். "எவ்ளோ நேரம் இது?" என்றார் இளவரசு. "ஒரு நிமிஷம் சார்." அந்த ஒரு நிமிடம் நீண்டது. பிறகு பம்ப் எடுத்துக்கொண்டது. ஆக்சிஜன் கணக்கு இருநூற்றுத் தொண்ணூறு. முந்நூறு. ஐம்பதாவது நிமிடத்தில் இருநூற்று அறுபத்திரண்டுக்கு இறங்கியது. ஓட்டத்தைக் கூட்டினாள். இருநூற்று எழுபதோடு நின்றுவிட்டது.

"சார், ஒரு யூனிட் ரத்தம் போடணும்" என்றாள்.

ஆறு வருடத்தில் அந்த அரங்கில் கேட்ட கேள்விக்குப் பதிலாக இல்லாமல் அவளாக ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. மருத்துவர் தையலிலிருந்து தலையைத் தூக்கினார். "ஹீமோகுளோபின் ஏழர இருக்கேம்மா."

"இருக்கு சார். போதல."

"போடு" என்றார்.

அறுவை முடிந்து மங்கலத்தைக் கட்டிலுக்கு மாற்றியதும் மற்றவர்கள் கையுறையைக் கழற்றிவிட்டு டீக்குப் போனார்கள். சாய்ரா மட்டும் கட்டிலுக்குக் கீழே குந்தி உட்கார்ந்து, அங்கே தொங்கிய சிறுநீர்ப் பையைப் பார்த்தாள். இளம் மஞ்சளாக, தெளிவாக, சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. மறுநாளும் இறங்கியது. அதன் மறுநாளும். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. ஆசிக்குக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பலாம் என்று போனை எடுத்தாள். முதல் வாக்கியத்திலிருந்தே விளக்க வேண்டியிருக்கும். போனை உள்ளே வைத்தாள்.

ஐப்பசியில், மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், வெளிநோயாளிகள் வரிசையில் செல்லாயி உட்கார்ந்திருந்தாள். செயற்கை வால்வு வைத்தவர்கள் ரத்தம் உறையும் அளவைப் பார்க்க மாதாமாதம் வர வேண்டும். சாய்ரா அவளைக் கடந்து போய்விட நினைத்தாள். செல்லாயிதான் கூப்பிட்டாள்.

"ஏய், மெஷினு."

சாய்ரா நின்றாள். செல்லாயி சற்றுச் சதை போட்டிருந்தாள். காலில் வீக்கம் இருந்தது.

"எப்படி இருக்கீங்கக்கா?"

"இருக்கன். நடவுக்குப் போவ வுட மாட்டறாங்க. வரப்புல ஒக்காந்து நாத்து முடி எடுத்துக் குடுக்கறன்." கையிலிருந்த டோக்கனைப் புரட்டினாள். "ஆரோக்கியம் சொல்லுச்சி. மெஷின நவுத்தி வெச்சியாமே?"

"ஆமா."

"இப்ப யாருக்காச்சும் என்ன மாதிரி ஆவுதா?"

"கொறைஞ்சிருக்கு. இந்த ஆறு மாசத்துல ஒருத்தருக்குத்தான். அவுங்களுக்கும் டயாலிசிஸ் வரைக்கும் போவல."

"சுத்தமா ஆவாதுன்னு சொல்லு."

"அப்படிச் சொல்ல முடியாதுக்கா."

செல்லாயி அவள் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் தணிந்திருந்ததா என்று சாய்ராவால் சொல்ல முடியவில்லை. டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். செல்லாயி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"பொய் சொல்ல வராது ஒனக்கு" என்றாள். "அதான் ஒன்ன வராதன்னன். போ, ஒனக்கு உள்ள வேல இருக்கும்."

அவள் ரத்தம் எடுக்கும் அறைக்குள் போனாள். சாய்ரா படியேறி இரண்டாம் மாடி வார்டுக்குப் போனாள். அண்ணாகிராமத்திலிருந்து வந்த கலைமணி என்பவருக்கு மறுநாள் அறுவை. முந்திரித் தோப்பு வைத்திருக்கும் மனிதர். கட்டில் நுனியில் உட்கார்ந்து ஜன்னலில் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாய்ரா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் பெயரைச் சொன்னாள்.